அலிபாபாவும் அடுத்து வந்தவர்களும்

ஓசூர் புதிய மாதிரிகளின் ஊர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலங்களில் இன்று லாரிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் கைப்பேசிப் பாகங்களும் விளைகின்றன. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே காலூன்றி, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபின், இவ்வூர் மக்களின் பேச்சு வழக்கிலேயே ஒரு மாறுதல் நிகழ்ந்துவிட்டது. ‘பழைய மாடல்’ என்பது இங்கே ஏறக்குறைய ஒரு வசவு. இந்த ஆண்டின் வண்டி சென்ற ஆண்டின் வண்டியைவிட மேலானது என்பதை ஐயுறுவோர் எவருமில்லை. ஐயுற்றால் பலருடைய சம்பளமே கேள்விக்குள்ளாகும்.

நம் மூத்த மகளை மணந்த மருமகனார் இத்தகைய தொழிற்சாலை ஒன்றில்தான் பணி செய்கிறார். நல்ல பிள்ளை, தொழுகையாளி, கையில் எடுத்த வேலையை முடிக்காமல் உண்ணமாட்டார். அவர் ஒருமுறை நம்மிடம் கேட்டார்: “மாமா, எந்தப் பொருளானாலும் ரெண்டாவது தடவை செய்யுறப்போ மொதல்ல இருந்த கொறையெல்லாம் நீங்கித்தானே வரும்? சினிமா மட்டும் எப்படி மாமா கெட்டுப்போகும்? உங்களுக்கு அந்தக் காலத்து நெனப்பு, அவ்வளவுதான்.” கேள்வி நியாயமானது. ‘அந்தக் காலத்து நினைப்பு’ என்ற தீர்ப்பை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

மதரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்துப் பிழைக்கும் ஒருவர் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் திரைப்பட ரசிகர் அல்லோம். வாழ்நாளில் பார்த்த படங்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம், கால்விரல்கள் தேவைப்படா. ஆயினும் அலிபாபாவின் கதை நம் வீட்டுக் கதை. பாட்டிமார் சொல்லக் கேட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொண்டிருப்பது. அக்கதை திரையில் என்ன ஆயிற்று என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956ஆம் ஆண்டு பொங்கல் நாளில் வெளிவந்தது. தயாரித்து இயக்கியவர் அந்நிறுவனத்தை 1935இல் தொடங்கிய டி.ஆர். சுந்தரம். எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பி. பானுமதி மார்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா கொள்ளையர் தலைவனாகவும் நடித்தனர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. கேவா கலர் என்னும் முறையில் எடுக்கப்பட்டது. அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. 1965இல்தான் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக அது நம் மாவட்டத்துத் தலைநகரிலேயே உருவான படம். “பக்தாது எங்கேயோ இருக்குன்னு நெனைக்காதே, சேலத்துல ஏற்காடு ரோட்டுலதான் இருக்கு” என்று நம் அத்தா அவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. நாம் பழையது என்று போற்றும் இப்படமே முதற்படம் அன்று. 1941இல் என்.எஸ். கிருஷ்ணன் அலிபாபாவாக நடித்த தமிழ்ப்படம் இதே பெயரில் வந்திருந்தது. 1954இல் ஹோமி வாடியா இயக்கி, மகிபாலும் ஷகீலாவும் நடித்த இந்திப்படம் வந்திருந்தது. பிறகும் வந்தன: 1970இல் விட்டலாச்சாரியா தெலுங்கில் எடுத்தார், என்.டி. ராமராவும் ஜெயலலிதாவும் நடித்தனர். (தமிழ் அலிபாபா 1977இலும், தெலுங்கு அலிபாபா 1983இலும், அத்தெலுங்குப் படத்தின் நாயகி 1991இலும் முதலமைச்சர் ஆனார்கள். குகையின் கதவு யார் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது பாருங்கள்!) இவை எல்லாவற்றினும் பெரிதாக 1980இல் வந்தது இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் கூடி எடுத்த படம். தர்மேந்திரா, ஹேமமாலினி, ஜீனத் அமன் ஆகியோருடன் சோவியத் நடிகர்களும் நடித்தது. உமேஷ் மெஹ்ராவும் லத்தீஃப் ஃபைஸியேவும் சேர்ந்து இயக்கியது. நாம் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பேசப்போவது இதனையும் 1956ஆம் ஆண்டுப் படத்தையுமே.

சேலத்துப் படத்தை நாம் பார்த்தது அது வெளிவந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, கிருஷ்ணகிரியை அடுத்த நம் சிற்றூரின் எல்லையில் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில். மணல் தரை. நடுவே ஒரு தட்டி. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய நம் அம்மாவும் அண்டை வீட்டுப் பெண்களும் அந்தப் பக்கத்து மூலையில் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். ஒரே ஒரு புரொஜக்டர் ஆதலால், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்கு விற்பவர் வருவார். பல ஊர் சுற்றி வந்த பிரதி அது. வண்ணங்கள் மங்கி, எல்லாவற்றின்மீதும் ஒரு செம்மை படர்ந்திருந்தது. வானமும் சிவப்பு, மரமும் சிவப்பு, அலிபாபாவின் கழுதையும் சிவப்பு. குறையென்று ஒருவரும் சொல்லவில்லை. அரபு நாட்டில் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நாங்கள் கருதிக்கொண்டோம்.

எல்லைப் பகுதியாதலால் அந்தக் கொட்டகைக்குள் நான்கு மொழிகள் இருந்தன. வீட்டில் தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், தக்கணி உருது பேசுவோர், நம்போல் தமிழ் பேசுவோர். தக்கணி பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் தமிழைப் பள்ளியில் கற்றதைவிட இத்தகைய கொட்டகைகளில் கற்றதே அதிகம் என்று நாம் துணிந்து சொல்வோம். வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள், ழகரம் வராது, வரும்வரை விடமாட்டார்கள். குகை வாயிலில் அந்த மந்திரச் சொல் ஒலித்தபோது நான்கு மொழிக் கூட்டமும் ஒரே தொண்டையாக அதைச் சேர்ந்து சொன்னது. பாறை நகர்ந்தது. வீரப்பாவின் சிரிப்பு கேட்டுச் சிறுபிள்ளைகள் தாயின் மடியில் முகம் புதைத்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் கூட்டம் ஊர்ப்புறத்துப் பாறைகளின் முன் கூடிவிட்டது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பாறையாக மந்திரம் சொல்லிப் பார்த்தோம். எதுவும் திறக்கவில்லை. பின்னாளில் அவற்றுட் பல திறக்கத்தான் செய்தன. கருங்கல் வாணிகர்களின் வெடிமருந்துக்கு. அது வேறு கதை.

அலிபாபாவாக நடிப்பது யார் என்பதில் அடிதடி மூண்டது. நம் பெயரில் ‘அலி’ இருப்பதைக் காட்டி நாம் உரிமை கோரினோம். உழவர் வீட்டுப் பையன் ஒருவன், “பேருல அலி இருந்தாப் போதுமா? நீ என்னிக்காவது மரம் வெட்டியிருக்கியா? எங்க வீட்டுக்குத் தெனமும் நான்தான் வெறகு கொண்டாரேன்” என்றான். கூட்டம் அவன் பக்கம் சாய்ந்தது. திருநீறு பூசிய நெற்றியோடு அவன்தான் அன்று அலிபாபா. அடுத்த சில வாரங்களுக்கு அவன் தாயாரே அவனை “டேய் அலிபாபா, சோத்துக்கு வாடா” என்று அழைத்ததை நம் காதால் கேட்டிருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், திரையில் தாடி வைத்த, தலைப்பாகை கட்டிய, நம் பெயர்களைத் தாங்கிய மனிதர்கள் வரும்போது அரங்கு எப்படி மூச்சு விடுகிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளாக நாமும் நம் பிள்ளைகளும் கவனித்து வருகிறோம். பெயரைக் கேட்டவுடனே, ‘இவன் எங்கே குண்டு வைக்கப் போகிறான்’ என்று காத்திருக்கும் அரங்குகளைக் கண்டிருக்கிறோம். அந்தச் சேலத்துப் படத்தில் நல்லவனும் அலி, தீயவனும் அபூ. பேராசைக்காரனும் நம்மவன், கொடையாளியும் நம்மவன். பெயரை வைத்து எவரும் எதையும் முடிவு செய்ய வழியில்லை. நற்பண்பைக் கொண்டே மனிதனை அடையாளம் காண வேண்டியிருந்தது. அப்படத்தை எடுத்தவர்கள் சமய நல்லிணக்கம் என்று ஒரு சொல் கூடப் பிரசங்கித்ததாக நமக்கு நினைவில்லை.

1980ஆம் ஆண்டின் படத்தை நம் சின்னத்தா பெங்களூருக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். நமக்குப் பன்னிரண்டு வயது. உண்மையான உஸ்பெக் மண்ணும் மதில்களும், உண்மையான குதிரைப் படை, ஆர்.டி. பர்மனின் இசை. கண்ணுக்கு விருந்து என்றால் அதுதான். சோவியத் நாட்டில் அதனை ஐந்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்பர். நீரின்றி வாடும் ஒரு நகரத்தின் துயரத்தைக் கதையில் இணைத்திருந்தார்கள். வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கு அந்தப் பகுதி இன்றும் உயர்ந்ததாகவே படுகிறது. குறை சொல்லவேண்டும் என்பதற்காகக் குறை சொல்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஊர் திரும்பும் பஸ்ஸில் அப்படத்தைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றும் கிட்டவில்லை. மறுநாள் எந்தப் பாறையின் முன்னும் நாம் போய் நிற்கவில்லை.

ஏன் என்பது பல ஆண்டுகள் கழித்து, வேறொரு தேடலின்போது விளங்கியது.

வட ஆற்காட்டு மதரஸா ஒன்றில் நாம் ஓதிக்கொண்டிருந்த நாளில், அரபு இலக்கணம் ஓரளவு பிடிபட்டதும், ‘அல்ஃப் லைலா வ லைலா’வை அதன் மொழியிலேயே படிக்க ஆசை எழுந்தது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை, இருக்கவும் நியாயமில்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே இப்னு நதீம் தம் ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் அக்கதைத் தொகுதியின் மூலத்தைச் சுவையற்ற நூல் என்று தள்ளிவிட்டார். எனினும் உஸ்தாத் ஒருவரின் சொந்த அலமாரியில், 1835இல் கெய்ரோவை அடுத்த பூலாக்கில் அச்சான பதிப்பின் மறு அச்சு ஒன்று இருந்தது. அனுமதி பெற்று எடுத்து, அலிபாபாவைத் தேடினோம். முதற்பாகத்தில் இல்லை. இரண்டாம் பாகத்தில் இல்லை. அலாவுத்தீனும் இல்லை. உஸ்தாதிடம் கேட்டோம். அவர்கள் புன்முறுவல் செய்து, “அவங்க ரெண்டு பேரும் அரபு நாட்டுலருந்து நேரா வரலேப்பா, பாரிஸ் போயிட்டு வந்தவங்க” என்றார்கள்.

ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பது இதுதான். பிரெஞ்சு அறிஞர் அந்துவான் காலான் ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். கையிலிருந்த அரபுப் பிரதி தீர்ந்துபோயிற்று. வாசகர்களின் பசி தீரவில்லை. 1709இல் ஹலப் நகரத்து ஹன்னா தியாப் என்னும் கிறித்தவ இளைஞர் ஒருவரைப் பாரிஸில் சந்தித்தார். அவர் வாயால் சொன்ன கதைகளுள் அலாவுத்தீன் ஒன்று, அலிபாபா ஒன்று. காலான் 1715இல் காலமானார். அலிபாபா கதை அச்சில் வந்தது 1717இல். பின்னர் ஆக்ஸ்போர்டில் அலிபாபாவின் அரபுப் பிரதி ஒன்று அகப்பட்டது என்று ஆரவாரம் எழுந்தது. அதுவும் பிரெஞ்சிலிருந்து அரபுக்குப் போனதே என்று, 1984இல் லெய்டனில் ஆயிரத்தொரு இரவுகளின் பழம்பிரதியைச் செம்பதிப்பாக வெளியிட்ட முஹ்சின் மஹ்தி போன்றோர் காட்டினர். ஹன்னா தியாபின் தன்வரலாறே வாத்திகன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2015இல் பிரெஞ்சில் வெளிவந்தது.

அப்படியானால் ‘மூலம்’ என்று பிடித்துக்கொள்ள எழுதப்பட்ட ஏடே இல்லை. இருப்பது ஓர் இளைஞரின் நாவும் ஒரு முதியவரின் காதும். மருமகனார் இதைக் கேட்டால், “பாத்தீங்களா மாமா, எல்லாமே ரீமேக்தான்” என்பார். ஆம். எல்லாம் மறுகூறல்தான். எனவே முந்தியது என்ற ஒரே காரணத்தால் எதையும் மேலானது என்று நாம் சொல்லப்போவதில்லை. மறுகூறல்களுக்குள் நல்லதை எப்படிப் பிரித்தறிவது என்பதே கேள்வி.

இங்கே மதரஸாவில் கற்ற ஓர் அளவுகோல் துணைக்கு வருகிறது. ஹதீஸ் கலையின் கண்ணியம் எங்கே, கொட்டகைக் கூத்து எங்கே. ஒன்றை மற்றதோடு நிகர்வைக்கவில்லை. அளவுகோலை மட்டும் கடன் வாங்குகிறோம். ஓர் அறிவிப்பாளர் தாம் கேட்ட சொற்களை அப்படியே சொல்லாமல், கருத்தைத் தம் சொற்களில் சொல்லலாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். ‘ரிவாயத் பில் மஃனா’ என்று அதற்குப் பெயர். பலர் அனுமதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: எந்தச் சொல்லை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்பதை அறிவிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அறியாதவர், உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டுப் போகட்டும்.

அலிபாபா கதையில் தொடக்கூடாதது எது? குகையா, புதையலா, நாற்பது என்ற எண்ணா?

காலான் தம் நாட்குறிப்பில் இக்கதையைக் குறித்துக்கொண்டபோது கொடுத்த தலைப்பில் அலிபாபாவின் பெயரே இல்லை. மர்ஜானாவின் கூர்மதி என்றும், ஓர் அடிமைப் பெண்ணின் திறமையால் நாற்பது கள்வர் அழிந்தது என்றும் பொருள்படும் தலைப்பு அது. கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அலிபாபா செய்தது என்ன? மரத்தின்மேல் ஒளிந்திருந்தான், ஒரு சொல்லைக் கேட்டான், அவ்வளவே. குகைக்குள் துண்டாடப்பட்ட காசிமின் உடலைத் தைக்க, கண்ணைக் கட்டித் தையற்காரரை அழைத்து வந்தவள் மர்ஜானா. கள்வன் வீட்டுக் கதவில் இட்ட சுண்ணக்கட்டிக் குறியைக் கண்டு, அதே குறியைத் தெருவிலுள்ள எல்லாக் கதவுகளிலும் இட்டவள் மர்ஜானா. எண்ணெய்த் தாழிகளுக்குள் மனிதர் பதுங்கியிருப்பதை உணர்ந்து, ஓசையின்றி அவர்களை ஒழித்தவள் மர்ஜானா. விருந்தாளியாக வந்த தலைவன் உப்பில்லாத உணவைக் கேட்டபோது, உப்பைத் தின்றால் தீங்கு செய்யக்கூடாதே என்று அஞ்சுகிறான் இவன், ஆகவே தீங்கு செய்யவே வந்திருக்கிறான் என்று கணக்குப் போட்டவளும் அவளே. மர்ஜான் என்பது அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பவளம். நம் வீடுகளில் இன்றும் பெண் மக்களுக்கு இடும் பெயர்.

சேலத்துப் படம் கதையில் எத்தனையோ மாற்றங்களைச் செய்தது. ஹன்னா தியாபின் கதையில் மர்ஜானா அலிபாபாவின் மகனுக்கு மணமுடிக்கப்படுகிறாள். படத்தில் அவள் அலிபாபாவின் காதலி. காதல் பாட்டு, கத்திச்சண்டை, நகைச்சுவை எல்லாம் சேர்ந்தன. ஆயினும் அந்த ஒன்றைத் தொடவில்லை. மார்ஜியானாவாக வந்தவர் பானுமதி. அவர் நாயகனின் பக்கத்தில் நிற்பதற்காக மட்டும் வரக்கூடியவர் அல்லர். தம் பாடல்களைத் தாமே பாடியவர். படம் தயாரித்தவர், இயக்கியவர். அவர் கண்ணைச் சிமிட்டினால் எதிரில் நிற்பவன் எம்.ஜி.ஆரே ஆனாலும் ஒரு படி கீழேதான் நிற்கவேண்டும். கொட்டகையில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்த சிரிப்பொலி இன்னும் நம் காதில் இருக்கிறது. ஆண்கள் பக்கம் கைதட்டியது கத்திச்சண்டைக்கு. பெண்கள் பக்கம் சிரித்தது மார்ஜியானாவின் பேச்சுக்கு.

1980ஆம் ஆண்டின் படத்திலும் மர்ஜீனா உண்டு. ஹேமமாலினி நன்றாகவே நடித்தார். ஆனால் ஃபாத்திமா என்று இன்னொரு நாயகியும் வேண்டியிருந்தது. பங்கு இரண்டாகப் பிரிந்தது. குகைக்குள் ஓர் ஆவியைக் குடிவைத்தார்கள்; ஒரு பெண்ணுருவம், சோஃபிக்கோ சியாவுரேலி என்னும் ஜார்ஜிய நடிகை. பழைய கதையில் பாறை ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டது. எப்படி, ஏன் என்று எவரும் கேட்கவில்லை. இங்கே பாறைக்குள் ஒரு பேய் இருக்கிறது, அதனால் திறக்கிறது என்று விளக்கம் வந்துவிட்டது. விளக்கம் வந்த இடத்தில் வியப்புக்கு வேலையில்லை. மறுநாள் நாம் பாறையின் முன் போய் நிற்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம். எங்கள் ஊர்ப் பாறைக்குள் பேய் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சொல் இருந்தது. அதைச் சரியாகச் சொல்லத்தான் எங்களுக்குத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அச்சொல்லே ஒரு வேடிக்கை. அரபில் ‘சிம்சிம்’, அதாவது எள். அதன் மேல்நாட்டுப் பெயரான செசமே திரிந்துதான் தமிழ்ப் படத்தில் ‘சீசே’ ஆயிற்று போலும். குகைக்குள் அகப்பட்ட காசிம் எள்ளை மறந்துவிட்டு வாற்கோதுமை முதலான பிற தானியங்களைச் சொல்லித் திண்டாடுவான். இதை விளக்கிச் சொன்னால் நம் மாணவர்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் அல்லவா, “உஸ்தாத், ராகின்னு சொல்லிப் பாத்தானா?” என்று கேட்பார்கள்.

மர்ஜானாவைப் பற்றி ஏன் இவ்வளவு மன்றாட்டு என்று கேட்கலாம். நம் அத்தா மூன்றாண்டுகள் படுக்கையில் கிடந்தார்கள். அந்த மூன்றாண்டும் குடும்பத்தை இழுத்தது நம் அம்மாவின் தையல் இயந்திரம். கடன்காரர் வரும் நாளை முன்பே அறிந்து, அன்று யாரை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரை வெளியே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் வகுத்த சூழ்ச்சிகளைக் கேட்டால் மர்ஜானாவே தலைவணங்குவாள். ஆனால் ஊரார் இன்றும் சொல்வது, “உங்க அத்தா உங்களை எப்படியோ ஆளாக்கிட்டாருப்பா” என்றுதான். அத்தாவின் கண்ணியத்துக்கு இதனால் குறைவில்லை. அவர்களே இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இன்று ஓசூரில் விடியற்காலையில் நின்றால், நம் தெருப் பெண் மக்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவதைக் காணலாம். நம்மிடம் அலிஃப், பே ஓதிய பிள்ளைகள். வீட்டுக் கடனை அடைப்பவர்கள், தம்பியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுபவர்கள். திருமணப் பத்திரிகையில் தந்தையின் பெயரும் தம்பியின் பட்டமும் பெரிதாக அச்சாகும். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் இருக்கும் கதையில் மர்ஜானாவை ஓரத்தில் நிறுத்திவிட்டால் மிஞ்சுவது என்ன? மரத்தின்மேல் ஒளிந்திருந்தவன் ஒருவன்.

அலாவுத்தீன் பக்கம் வந்தால் இந்தத் தேய்மானம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1924இல் மௌனப் படமாக வந்த ‘பக்தாதுத் திருடன்’ 1940இல் வண்ணத்தில் மறுபடி எடுக்கப்பட்டது. (தமிழில் 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பாக்தாத் திருடன்’ நம்மவர் அறிந்ததே.) 1940ஆம் ஆண்டின் படத்தில் திருட்டுச் சிறுவனாக நடித்த சாபு, நம் எல்லைக்கு அப்பால் மைசூர் நாட்டுக் காராப்பூரில் 1924இல் பிறந்தவர், யானைப்பாகரின் மகன். 1937இல் வெளிவந்த யானைக்காரச் சிறுவன் கதைப் படத்தின் வழியே உலகப் புகழ் பெற்றவர். தஸ்தகீர் என்ற பெயரால் வழங்கப்பட்ட இந்த முஸ்லிம் சிறுவன் அமெரிக்கா சென்று, 1963இல் 39 வயதிலேயே மறைந்தார். ‘கைகொடுப்பவர்’ என்னும் பொருளுடைய அப்பெயர், நம் முன்னோர் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களைக் குறித்து வழங்கியது. படத்தில் அவர் பெயர் அபூ. அரசனுக்கே வழிகாட்டும் அறிவுள்ள சிறுவன். அந்தப் படத்திலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டு டிஸ்னி நிறுவனம் 1992இல் அலாவுத்தீன் கேலிச்சித்திரப் படம் எடுத்தது. அதில் அபூ என்பது ஒரு குரங்கின் பெயர். 2019இல் மனிதர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். குரங்கின் பெயர் மாறவில்லை.

ஜஃபருக்கு நேர்ந்தது இதனினும் துயரமானது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஜஃபர் பர்மக்கீ, கொடைக்கும் சொல்வன்மைக்கும் அரபு இலக்கியத்தில் பேர்பெற்றவர். 803இல் அதே கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டவர். ஆயிரத்தொரு இரவுகளில் கலீஃபாவோடு இரவில் பக்தாதுத் தெருக்களில் உலா வருபவர் அவர்தாம். 1940இல் அப்பெயரைக் கொடிய சூனியக்கார அமைச்சனுக்குச் சூட்டினார்கள். 1992இலும் 2019இலும் அப்படியே. இன்று உலகெங்கும் உள்ள குழந்தைகளுக்கு ஜஃபர் என்றால் பாம்புத் தடியோடு நிற்பவன். ஆக இங்கே பழைய படமே பழிக்குரியது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1992ஆம் ஆண்டின் படத்தின் தொடக்கப் பாட்டில் அரபு மக்களை இழிவுசெய்த ஓர் அடி, அமெரிக்க அரபு மக்களின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டு வீடியோ வெளியீட்டில் மாற்றப்பட்டது என்பதும் பதிவுக்குரியது. பின்னது முன்னதைத் திருத்துவதும் உண்டு.

மருமகனாரின் கேள்விக்கு நம் விடை இதுவே. கடிகாரத்தின் வேலை மணி காட்டுவது என்பதில் செய்பவருக்கும் கட்டுபவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எனவே அடுத்த கடிகாரம் நிச்சயம் மேலானதாக இருக்கலாம். கதையின் வேலை என்ன என்பதை ஒவ்வொருவரும் புதிதாக முடிவு செய்கிறார்கள். குதிரைகளைக் கூட்டுவதே வேலை என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், குதிரைகள் கூடும், மர்ஜானா குறைவாள்.

இதை அவரிடம் சொன்னபோது, “சரி மாமா, படத்தைப் போடுங்க, பாத்துடுவோம்” என்றார். விடுமுறை நாள் ஒன்றில் தொலைக்காட்சியில் போட்டோம். உண்மையைச் சொல்லவேண்டும்: வெற்றி கிட்டவில்லை. மருமகனார் பாதியில் கைப்பேசியோடு எழுந்துபோனார். பேரன், “நன்னா, இவங்க ஏன் மேடையில பேசுற மாதிரியே பேசுறாங்க?” என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். பேத்திக்கு எட்டு வயது. அவள் மட்டும் பானுமதி வரும் இடங்களில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடிந்ததும், “அந்த அக்கா கதையில இன்னும் என்னெல்லாம் செஞ்சாங்க?” என்றாள். கதவில் சுண்ணக்கட்டிக் குறியிட்ட பகுதியைச் சொன்னோம். இருமுறை சொல்லச் செய்து கேட்டாள்.

மறுநாள் அஸ்ர் தொழுதுவிட்டு வரும்போது, தெருவில் இரு பக்கமும் எல்லாக் கதவுகளிலும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரே மாதிரிப் பெருக்கல் குறி. தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, “ஏமண்டி பாய், போலியோ சொட்டு மருந்துக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.